சுமாவுக்கு வெச்ச தண்ணி

நெழலுக்கு வா கண்ணு, அங்க எதுக்கு வேகுற வெயில்ல நிக்கற? போர்த் தண்ணியைச் சோதிக்க மோட்டார் ரூமைத் தொறக்கணும், சாவி தண்ணி விடற மாதேசுகிட்ட இருக்குது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவன், வர்றப்பதான் வருவான். அவன் வர்றதும் இந்த ஊருக்கு மழை வர்றதும் ஒண்ணு, நாம கூப்பிட்டா நடக்காது. உள்ள வந்து இந்த முக்காலியில உக்காரு. பொட்டியைக் கீழ வையி, யாரும் தொட மாட்டாங்க. தொடறதுக்கு இந்த வீட்டுல இப்ப ஆளே இல்ல. எங்க வீட்டுக்காரரு குவாரிக்குப் போயிட்டாரு, பசங்க ரெண்டு பேரும் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கறாங்க. நான் ஒருத்திதான் சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கறேன்.

தண்ணி தரட்டுமா? ஓ, பையில பாட்டல் இருக்குதா. சரி, இருக்கட்டும். நான் வெக்கற தண்ணி ஒரு வாய் குடிச்சயின்னா அந்தப் பாட்டலை நீயே கவுத்து ஊத்திடுவ. பெருமைக்குச் சொல்லல கண்ணு. இந்த ஊர்ல யாரு வேணா தண்ணியைக் காய்ச்சுவாங்க. ஒரு கொதி வந்ததும் எறக்கிடுவாங்க. அது காய்ச்சறதா? அது தண்ணியைச் சூடு பண்றது. நான் அப்படியெல்லாம் ஏமாத்த மாட்டேன்.

அந்த அடுப்பு மேல இருக்குது பாரு, வெண்கலப் பானை. அது என்னுது இல்ல. என் தங்கச்சி பச்சியம்மாளுக்குச் சீரா குடுத்தது. எங்கப்பாரு எனக்கு அலுமினியக் குண்டானைக் குடுத்துத் தள்ளி விட்டுட்டு, கடைக்குட்டின்னு அவளுக்கு மட்டும் வெண்கலம் குடுத்தாரு. அன்னைக்கு நான் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கிட்டுச் சாப்பிடக்கூட இல்ல. இப்ப நெனச்சா சிரிப்பு வருது. பானை எங்கிட்ட வந்துடுச்சு, பானைக்காரி போயிட்டா.

வாந்தியும் பேதியும்தான். வேற சீக்கு ஒண்ணும் இல்ல. அவ புருஷன் ஊர்ல, ஐப்பசி மழையில, கெணத்துத் தண்ணி கலங்கிப் போயி, அந்தத் தெருவுக்கே வந்துச்சு. மத்தவங்க எல்லாம் எந்திரிச்சிட்டாங்க, இவ எந்திரிக்கல. நான் போறப்ப ஆஸ்பத்திரியில துணி போத்திட்டாங்க. அவ பொண்ணு சுமா அப்ப தவழ்ற புள்ள. அங்க இருந்த நர்சம்மா என் தோளைத் தொட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க, "தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சிருந்தா இந்தப் பொண்ணு பொழைச்சிருக்கும்மா"ன்னு. அவ்வளவுதான். அவங்க வேற வேலை பாக்கப் போயிட்டாங்க. எனக்கு அந்த வார்த்தை இன்னும் போகல.

காய்ச்சின தண்ணி இல்லாமத்தானே என் தங்கச்சி செத்தா? அப்ப அவ புள்ளைக்குக் காய்ச்சாத தண்ணியை ஒரு சொட்டு குடுக்கலாமா நானு? நீயே சொல்லு.

புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தேன், அந்தப் பானையையும் தூக்கிக்கிட்டு வந்தேன். தாயோட பானையில தாயே இருக்கற மாதிரி, அதுல ஆக்கிக் குடுத்தா புள்ளைக்கு நல்லதுன்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. கோவிந்தராசு, அதான் தங்கச்சி புருஷன், அந்தாளு புள்ளையை எங்கிட்டயே விட்டுட்டாரு. வருசம் திரும்பறதுக்குள்ள சேலத்துல வேற கல்யாணம் முடிச்சிட்டாரு. ஆம்பளைங்களுக்கு என்னா, சட்டை மாத்தற மாதிரி.

பானையில எப்படி வெப்பேன்னு கேளு. கேக்கலேன்னாலும் சொல்றேன். காலையில கொடத்துப் போர்த் தண்ணியைத் துணியில வடிகட்டிப் பானை நெறைய ஊத்துவேன். முள்ளு வெறகுதான், நின்னு எரியும். கொதி வந்தப்புறம்தான் வேலையே இருக்குது. கசாயம் எப்படி வெக்கறோம்? ஒரு பானை தண்ணியை ஒரு சொம்பா சுண்ட வெச்சாத்தானே மருந்து? கொதிச்ச ஒடனே எறக்கினா அது கசாயமா, கழனித் தண்ணியா? தண்ணிக்கும் அதேதான். நெறை பானை பாதிக்கும் கீழ வத்தணும். வத்தி வந்த தண்ணியில கெட்டது ஒண்ணும் இருக்காது, எல்லாம் ஆவியா போயிடும். போகாத அழுக்கு பானையில ஒட்டிக்கும். நீ நம்ப மாட்ட, பானைக்குள்ள பாத்தீன்னா சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா பத்துப் பிடிச்சிருக்கும். புளியைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு என் வெரலு ரேகையே அழிஞ்சு போச்சு. அதைச் சொரண்டி எடுக்கறப்பல்லாம், "பாருடா சாமி, இவ்வளவும் எங்க புள்ள வயித்துக்குப் போயிருக்கும்"னு நெனச்சுக்குவேன்.

அந்தத் தண்ணி சுமாவுக்கு மட்டும்தான். குடிக்க அது, சோத்துக்கு அது, கஞ்சிக்கு அது. நாங்க யாரும் தொட மாட்டோம். வெறகுக்கு எங்க போறது, அத்தனை பேருக்கும் காய்ச்ச? என் பசங்க கண்ட எடத்துல வாயை வெப்பானுங்க. பள்ளிக்கூடம் பள்ளத்து ரோட்டுல இருக்குது பாரு, அங்க ஆத்துத் தண்ணி பைப்பு வருது. எங்க மேட்டுத் தெருவுக்குத்தான் ஏற மாட்டேங்குது. தடிப்பசங்க நாளெல்லாம் அந்தக் குழாயில வாயை வெச்சு உறிஞ்சிட்டு, ராத்திரிக்கு வீட்டுக்கு வந்து சோறு மட்டும் திம்பானுங்க. டீக்கடையில குடிப்பானுங்க, கோயில் தொட்டியில குடிப்பானுங்க. நான் கேக்கறதில்ல. பெத்தவ நானு, என் புள்ளைங்களுக்கு என்ன ஆனாலும் நான்தான் பாத்துக்கணும், யாரும் என்னைக் கேக்க முடியாது. ஆனா சுமா அடுத்தவ புள்ள. செத்தவ புள்ள. அவளுக்கு ஒண்ணுன்னா ஊரே கேக்கும். அதனால பள்ளிக்கூடத்துக்கே பாட்டல்ல ஊத்திக் குடுத்து விடுவேன். "குழாய்கிட்ட போனேன்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சிடுவேன்"னு சொல்லித்தான் அனுப்புவேன். நல்ல புள்ள அது, ஒரு நாளும் போனதில்ல. ஒரு தடவை பாட்டல் ஒழுகிப் போயி, சாயங்காலம் வரைக்கும் நாக்கு ஒட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு. "ஏன்டி, குழாயில ஒரு கை அள்ளிக் குடிக்கறதுதானே?"ன்னு எதுத்த வீட்டுக் கோமளா கேட்டதுக்கு, "பெரியம்மா திட்டும்"னு சொல்லிச்சாம். எனக்கு அன்னைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளு.

முதல்ல பல்லு. அது இந்த ஊர்ல எல்லாருக்கும்தான், காவி பூசின மாதிரி. என் பல்லைப் பாரு. அதை நாங்க கண்டுக்கறதில்ல. ஆனா சுமாவுக்கு மட்டும் பல்லு கரைஞ்சு ஓரமெல்லாம் உதிர்ந்துச்சு. சிரிக்கறப்ப கையால வாயைப் பொத்திக்கும். அப்புறம் முட்டி வலிக்குதுன்னுச்சு. வளர்ற புள்ள, வலிக்கும்னு எண்ணெய் போட்டு நீவி விட்டேன். அப்புறம் பாத்தா, நிக்கறப்ப ரெண்டு முட்டியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது, பாதம் ரெண்டும் தள்ளித் தள்ளி நிக்குது. கால் ரெண்டையும் சேத்து வையின்னா முடியல. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. கொல்லைக்குப் போகணும்னா நான் போயி கையைப் பிடிச்சுத் தூக்கி விடணும். பாவாடையை இன்னும் எறக்கித் தச்சுக் குடு பெரியம்மான்னு கேக்கும், காலு தெரியக் கூடாதாம். பொம்பளப் புள்ள கண்ணு. பெரிய மனுசி ஆகற வயசு.

நான் என்ன செய்வேன்? மாரியம்மனுக்கு மண்ணுல கால் செஞ்சு வெச்சேன். முட்டை வாங்கிக் குடுத்தேன். ஆட்டுக்கால் சூப்பு வெச்சுக் குடுத்தேன், அதுக்கும் பானைத் தண்ணிதான். என்ன செஞ்சாலும் கால் வளையறது நிக்கல.

ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? "தனக்கோடி தன் பசங்களுக்கு நல்லதா ஊட்டிட்டு, தங்கச்சி புள்ளைக்கு மிச்சம் மீதியைப் போட்டா. பாரு, அவ பசங்க பனமரம் மாதிரி நிக்கறானுங்க, இந்தப் புள்ள காலை இழுக்குது"ன்னு. கோமளா இருக்காளே, இப்பக்கூட எதுத்த ஜன்னல்ல ஒரு கண்ணு தெரியும் பாரு, அவதான் இதை ஆரம்பிச்சது. அவ வாயில மண்ணு விழ. நான் அவகிட்டயே போயி நின்னு கேட்டேன். "என்னடி மிச்சம் மீதி? என் பசங்க ஊர்த் தண்ணி குடிச்சானுங்க, இவளுக்கு நான் சுண்டக் காய்ச்சிக் குடுத்தேன். யாருக்குடி நல்லது குடுத்தேன் நான்?"ன்னு. அவ கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிட்டா. வேற என்ன செய்வா?

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேம்பு வந்துச்சு. டாக்டரம்மா ஒண்ணு, உன் வயசுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு. சுமாவை நிக்க வெச்சுப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பிச்சு. "என்ன தண்ணிம்மா குடுக்கறீங்க?"ன்னுச்சு. நான் சந்தோசமாச் சொன்னேன், இப்ப உங்கிட்ட சொன்ன மாதிரியே, பானை, வெறகு, வத்தறது எல்லாம். அந்தம்மா நெத்தியில கையை வெச்சிக்கிச்சு. "இந்த ஊர் போர்த் தண்ணியில ஒரு உப்பு கலந்திருக்குதும்மா. கண்ணுக்குத் தெரியாது, வாயில தெரியாது. அது எலும்பைத் தின்னும். கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும், அந்த உப்பு போகாது. தண்ணி ஆவியா போகும், உப்பு பானையிலயே நிக்கும். வத்த வத்த அதோட கடுமை ஏறத்தான் செய்யும். காய்ச்சாதீங்க. பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணியையே குடுங்க"ன்னுச்சு.

நான் சும்மா விடுவேனா? "உப்புன்னா கரிக்கணுமில்ல டாக்டரம்மா? என் தண்ணி எளநி மாதிரி இருக்குது"ன்னேன். சிரிக்கல அந்தம்மா. சரி, இதையாவது கேக்கலாம்னு, "அப்ப என் தங்கச்சி எப்படிச் செத்தா?"ன்னு கேட்டேன். "அது வேறம்மா, இது வேறம்மா"ன்னுச்சு. எது வேற? ரெண்டும் தண்ணிதானே? ஒரு படிச்சவங்க காய்ச்சு, காய்ச்சியிருந்தா பொழைச்சிருப்பான்னு சொல்றாங்க. இன்னொரு படிச்சவங்க காய்ச்சாதேன்னு சொல்றாங்க. நடுவுல நான் ஒரு கைநாட்டு. யாரு பேச்சைக் கேக்கட்டும்? ஒருத்தங்க பேச்சைக் கேக்காம ஒரு உசுரு போனதை நான் பாத்தவ. இன்னொரு தடவை பாக்க என்னால ஆகாது கண்ணு. வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு கட்டு வெறகு சேத்துப் போட்டேன். பாதிக்கு வத்த வெச்சதைக் கால்வாசிக்கு வத்த வெச்சேன். ஏதோ மிச்சம் இருக்குதுன்னுதானே அந்தம்மா சொல்லிச்சு? இருக்கறதும் போகட்டும்னு.

என்ன அப்படிப் பாக்கற? வெறகு செலவுன்னா? செலவு என்னா பெரிய செலவு, நானே போயி ஒடிச்சிக்கிட்டு வர்றதுதான்.

போன தை மாசம் கோவிந்தராசு வந்தாரு. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா மிட்டாய்ப் பொட்டலத்தோட வர்ற மனுசன். புள்ள எந்திரிச்சு வரும்னு வாசல்ல நிக்கறாரு. அது சுவத்தைப் பிடிச்சு, முட்டியைப் பிடிச்சு, எந்திரிக்கவே அவ்வளவு நேரம் ஆச்சு. அந்தாளு கையில இருந்த பொட்டலம் கீழ விழுந்துடுச்சு. "என்னக்கா இது? என்னக்கா செஞ்ச என் புள்ளைய? உன் பசங்க காலைப் பாரு, என் புள்ள காலைப் பாரு"ன்னு கத்தறாரு. தெருவே கூடி நிக்குது. நான் பானையைத் தூக்கிக்கிட்டு வந்து காட்டினேன். "இதுலதான் தம்பி வெச்சுக் குடுத்தேன், உன் பொண்டாட்டி பானையில"ன்னு. தள்ளி விட்டுட்டாரு. அன்னைக்கே புள்ளையை பஸ்ஸுல ஏத்திக்கிட்டுச் சேலத்துக்குப் போயிட்டாரு. அது ஜன்னல் வழியா என்னையே பாத்துக்கிட்டுப் போச்சு. அழுகல. பல்லு தெரியுமேன்னு அழுகறப்பக் கூட வாயைத் தொறக்காது அது.

பத்து வருசத்துக்கு மேல என் பக்கத்துல படுத்த புள்ள. இப்ப ராத்திரியில கையை நீட்டினா வெறும் பாயிதான் இருக்குது.

அங்க இப்ப எப்படி இருக்குதுன்னா, நல்லாத்தான் இருக்குதாம். பெரிய ஆஸ்பத்திரியில ஏதோ மாத்திரை தர்றாங்களாம், பாலு குடிக்குதாம், வீட்டுக்கு ஆத்துத் தண்ணி வருதாம். "பெரியம்மா, வலி கொறைஞ்சிடுச்சு, மாடிப்படி ஏறினேன்"னு போன்ல சொல்லிச்சு. எனக்குச் சந்தோசம்தான். ஆனா எனக்குத் தெரியாதா? பெத்த அப்பனைப் பாத்த சந்தோசத்துல வலி தெரியல. சின்னப் புள்ளைங்க அப்படித்தான். இல்லேன்னா நான் இத்தனை வருசம் குடுத்த நல்ல தண்ணி இப்பதான் ஒடம்புல பிடிக்குதோ என்னவோ, மருந்துன்னா மெதுவாத்தானே வேலை செய்யும்?

திருப்பி அனுப்பச் சொல்லி நான் கேக்காத நாளில்ல. பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது, இங்கதானே அது படிக்குது? கடைசியா போன வாரம் அந்தாளு சொல்லிட்டாரு. "படிச்சவங்க யாராவது உன் தண்ணியைப் பாத்து நல்லா இருக்குதுன்னு சொல்லட்டும்க்கா. அன்னைக்கே நான் கூட்டிக்கிட்டு வந்து விடறேன். இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்"னு. நான் எந்தப் படிச்சவங்களைத் தேடிப் போறது? நீ பொட்டியோட வந்து வாசல்ல நின்னதும், மாரியாத்தாவே அனுப்பி வெச்சான்னு நெனச்சேன். நெசமாத்தான். மாதேசு வர்றதுக்குள்ள எனக்கு இந்த ஒரு ஒதவி பண்ணு தாயி. போர்த் தண்ணி கெட்டதுன்னு ஊருக்கே தெரியும், அதை எழுதிட்டுப் போறதுல என்னா இருக்குது? இந்தப் பானைத் தண்ணியைப் பாரு. இன்னைக்குக் காலையில வெச்சதுதான். ஆமா, அவ இல்லேன்னாலும் வெக்கறேன். எந்த பஸ்ஸுல வந்து எறங்குமோ, வந்ததும் தண்ணின்னு கேக்கும். இல்லேன்னு சொல்ல முடியுமா?

இந்தா, சொம்புல மொண்டு தர்றேன். கொடத்துல இருக்கற பச்சைப் போர்த் தண்ணியும் வேணுமா? எடுத்துக்கோ. உன் பாட்டல் தண்ணி எதுக்கு? ஓ, சேத்து வெச்சுப் பாக்கறதுக்கா. அது எந்தத் தண்ணி? ஆத்துத் தண்ணியா. சரி சரி. மூணு கண்ணாடிக் குழாயா? அழகா இருக்குது, வளையல் கடையில வெக்கற மாதிரி. என்ன மருந்து அது, செவப்பா இருக்குது? டாக்டரம்மா சொன்ன அந்த உப்பைப் பாக்கறதா, நல்லாப் பாரு. எல்லாத்துலயும் ஒரே அளவா விடு. பார்சாலிட்டி கூடாது.

அட! உன் ஆத்துத் தண்ணி அப்படியே ரோஸ் கலரா நிக்குதே. ஒண்ணும் மாறலையா? போர்த் தண்ணி பாரு, கொஞ்சம் வெளுத்து ஆரஞ்சுக் கலருக்கு வந்துடுச்சு. எங்க பானைத் தண்ணி... பாரு பாரு! செவப்பு பூராவும் ஓடிப் போச்சு! சுத்த மஞ்சளா வந்துடுச்சு கண்ணு, அரைச்ச மஞ்சள் மாதிரி! மூணுல இதுதான் மாறியிருக்குது. மஞ்சள்னா மங்களம்தானே? எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு சொன்னேனில்ல?

ஏன் கீழ ஊத்தற? மறுபடியும் எதுக்கு? மொதல் தடவையே நல்லாத்தானே வந்துச்சு. சரி, உன் திருப்திக்குப் பாத்துக்கோ... பாத்தயா, மறுபடியும் அதே மஞ்சள். பொட்டியில இருந்து எடுத்தயே அந்தக் கலர் அட்டை, அதுல எந்தக் கட்டத்துக்கு வருது? கடைசிக் கட்டமா? கடைசின்னா ரொம்ப உசத்தின்னுதானே அர்த்தம்?

தலையை ஏன் அப்படி ஆட்டற? வேணாம், எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. எனக்குப் படிப்பு இல்ல, நீ சொன்னாலும் மண்டையில ஏறாது. கையை விடு கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கறேன். யாருகிட்ட சொல்லணுமோ அவருகிட்டயே சொல்லிடு. இரு, நம்பர் போடறேன். அன்னைக்கே கூட்டிக்கிட்டு வந்து விடறேன்னு சொல்லியிருக்கறாரு, மறந்துடாத. ரிங்கு போவுது. சத்தமா பேசற மாதிரி வெக்கறேன், இரு.

அலோ... அலோ... யாரு, சுமாவா? அப்பா இல்லையா கண்ணு? குளிக்கறாரா? பரவால்ல, நீயே கேளு. இங்க தண்ணி சோதிக்கற அம்மா வந்திருக்காங்க, படிச்சவங்க. பெரியம்மா உனக்கு வெச்ச தண்ணியைப் பாத்தாங்க. அது எப்படி இருக்குதுன்னு உனக்கே சொல்லுவாங்க. நல்லாக் கேட்டுக்கோ, கேட்டு அப்பாகிட்ட சொல்லு.

இந்தா, பிடி. பேசு. ஏம்மா வாயைத் தொறக்க மாட்டேங்கற? பேசு தாயி, புள்ள கேட்டுக்கிட்டு இருக்குது.